சின்ன ஊருக்கு எலெக்ட்ரிக் காரில் போகும் முன் சார்ஜர் தேடுவது எப்படி?

மன்னார்குடி மாதிரி ஒரு ஊருக்கு எலெக்ட்ரிக் காரில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேப்பில் ஒரு புள்ளி தெரிகிறது என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சென்னையில் ஒரு சார்ஜர் ஓடவில்லை என்றால் அடுத்த ஏரியாவுக்குப் போய்விடலாம், சின்ன ஊரில் இருப்பதே ஒன்றோ இரண்டோதான்.

முதலில் உங்கள் வண்டிக்கு எந்த கன் (சார்ஜரிலிருந்து வந்து வண்டியில் செருகும் பிளக்) பொருந்தும் என்று பாருங்கள். இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் வேகமாக ஏற்ற சிசிஎஸ்2, மெதுவாக ஏற்ற டைப் 2. ஸ்கூட்டர் என்றால் கதை வேறு, ஏதருக்கும் ஹீரோ விடாவுக்கும் ஒரே கனெக்டர், ஓலாவுக்கு வேறு.

அடுத்து பிளக்‌ஷேர் ஆப்பில் (சார்ஜர் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப்) ஊர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். 3.3 அல்லது 7.4 கிலோவாட் என்று இருந்தால் அது மெதுவான சார்ஜர், சாப்பிட்டு வருவதற்குள் பெரிதாக ஏறாது. 60 கிலோவாட், இரண்டு கன் என்றால் பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கும்போது பெரும்பாலும் உங்களுக்கு 30தான் கிடைக்கும். இதையெல்லாம் விட முக்கியம், கீழே மற்றவர்கள் போட்டிருக்கும் குறிப்புகள். கடைசியாக ஒருவர் சார்ஜ் ஏற்றியது போன வாரம் என்றால் நம்பலாம், ஆறு மாதம் முன்பு என்றால் அந்த சார்ஜரைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

சார்ஜர் யாருடையது என்று தெரிந்ததும் (ஜியான், டாடா பவர், ஸ்டாட்டிக், இப்படி) அவர்கள் ஆப்பை வீட்டிலேயே இறக்கி, வாலட்டில் பணமும் போட்டுவிடுங்கள். அங்கே போய் சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபிக்காகக் காத்து நிற்பது பெரிய தலைவலி.

சரி, இப்போது சார்ஜர் இருக்கும் இடத்துக்குப் போன் போடுங்கள். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். சின்ன ஊர்களில் சார்ஜர் பல நேரம் கார் ஷோரூம் வளாகத்திலோ ஹோட்டல் வாசலிலோதான் இருக்கும். ஆப்பில் 24 மணி நேரம் என்று போட்டிருக்கும், ஷோரூம் கேட்டை இரவு பூட்டிவிடுவார்கள். "கன் இன்னைக்கு ஓடுதா? ராத்திரி கேட் திறந்திருக்குமா? முன்னாடி வேற வண்டி நிக்குதா?" இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் மாற்று வழி வேண்டும். தஞ்சாவூர் சுமார் 40 கி.மீ., அதனால் மன்னார்குடியில் இறங்கும்போது தஞ்சாவூர் போகிற அளவுக்காவது பேட்டரியில் மிச்சம் வைத்திருங்கள்.

இரவு தங்குவதாக இருந்தால் உறவினர் வீட்டு 15 ஆம்ப் பாயிண்டே போதும், அதாவது ஏசி, கீசர் போடும் பெரிய பாயிண்ட். மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும், எட்டு மணி நேரத்தில் 24 யூனிட், ஏறக்குறைய 150 கி.மீ. ஓட்டலாம். ஆனால் எர்த் சரியில்லை என்றால் வண்டியோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும், பழைய வீடுகளில் இது சகஜம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மட்டும் மாட்டவே மாட்டாதீர்கள், சூடாகி உருகும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காசையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

சார்ஜ் ஏற்றி முடித்ததும் பிளக்‌ஷேரில் இரண்டு வரி போடுங்கள்: எந்த கன் ஓடியது, எவ்வளவு வேகம் வந்தது, கேட் எத்தனை மணிக்குப் பூட்டினார்கள். கன் பழுதாகிக் கிடந்தால் கண்டிப்பாகப் போடுங்கள்.