காது கேளாதோரைப் பற்றித் தமிழில் எழுதும்போது

காது கேளாமையைப் பற்றி எழுதத் தொடங்குபவர், தாம் செவியைப் பற்றி எழுதுகிறோமா, சுற்றியுள்ள தடைகளைப் பற்றியா, ஒரு மொழிச் சமூகத்தைப் பற்றியா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சொற்களெல்லாம் அதற்கேற்பவே மாறும்.

செவியைப் பற்றியது என்றால் அளவைக் குறிப்பிடுங்கள். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 70 டெசிபல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) கேட்கும் திறன் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை உள்ளவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் வகுக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றிய கட்டுரைக்கு இது போதும்.

தடையைப் பற்றியது என்றால் தடையையே எழுவாயாக்குங்கள். மருத்துவமனையில் டோக்கன் எண்ணைக் குரலால் மட்டும் அழைக்கும்போது, "அவருக்குக் கேட்கவில்லை" என்று எழுதுவதைவிட "எண்ணைக் காட்டும் பலகை அங்கே இல்லை" என்று எழுதுவதே சரி.

மூன்றாவதான மொழிச் சமூகம்தான் தமிழில் மிகவும் விடுபட்டுப்போகிறது. 1960இல் மொழியியலாளர் வில்லியம் ஸ்டோகோ, அமெரிக்கச் சைகை மொழிக்குத் தனி அமைப்பு உண்டு என ஆய்ந்து காட்டினார். 1972இல் மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்ட், கேளாமையைச் சிறிய எழுத்திலும் (deaf) காது கேளாதோர் சமூகத்தைப் பெரிய எழுத்திலும் (Deaf) தொடங்கி ஆங்கிலத்தில் வேறுபடுத்தலாம் என்றார். தமிழில் பெரிய எழுத்து இல்லாததால், "காது கேளாதோர் சமூகம்", "சைகை மொழியினர்" என விரித்தே எழுத வேண்டியிருக்கிறது. அந்த நீளத்திற்கு அஞ்ச வேண்டாம். அவர்கள் மொழியை "ஜாடை" என்று எழுதாதீர்கள். இந்தியச் சைகை மொழி தமிழைக் கையால் காட்டுவதன்று. அதில் "என்ன", "எங்கே" போன்ற வினாச்சொற்கள் வழக்கமாக வாக்கியத்தின் இறுதியில் வரும்.

ஆயினும் எல்லோரும் இச்சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். முதுமையில் கேட்கும் திறனை இழந்த பாட்டி தம்மை அப்படி நினைக்காமல் இருக்கலாம். காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை மூலம் உட்செவியில் பொருத்தும் கேட்புக் கருவி) பொருத்திய இளைஞர் சைகை மொழியைத் தம் மொழி எனலாம். அவரவரிடமே கேட்டு எழுதுங்கள்.

"வாய் பேசாதவர்" என்ற தொடரையும் விட்டுவிடுங்கள்; சைகையில் நாள் முழுதும் பேசுபவரை அது பேச்சற்றவராக்கிவிடுகிறது. "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்ற பழமொழி அரசியல் தலைப்புகளுக்கு எளிதில் கைகொடுக்கும். அத்தலைப்பை அவர்களும் படிக்கிறார்கள் என்பதால், என் பரிந்துரை அதை மாற்றுங்கள் என்பதே.