மடிப்பு மேசையில் குவியும் அப்பர்கள்: வேலையைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஜாப் ஒர்க் எடுத்து ஷூவின் மேற்பகுதியை, அதாவது அப்பரை, தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்கள் நிறைய உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகள் ஷூ கம்பெனிகளில் லைன் சூப்பர்வைசராக இருந்தவன் நான். இப்போது புதிதாகக் கூடம் தொடங்குகிறவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உள்ளே நுழைந்ததும் எந்த மேசையில் சரக்கு குவிந்திருக்கிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் பசை தடவி மடிக்கிற மேசையில்தான் குவிந்திருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருப்பார். பக்கத்து மேசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். முதலாளியோ, "மடிப்புக்காரம்மா வேகம் போதவில்லை" என்பார். வேகக் குறை அந்த அம்மாவிடம் இல்லை. வேலையைப் பிரித்த விதத்தில் இருக்கிறது.

பிரித்தால் உற்பத்தி பெருகும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்துவிடுகிறோம். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய குண்டூசிக் கணக்கு அதற்கு ஆதாரம். ஊசி செய்யும் வேலையை ஏறக்குறைய 18 செயல்களாகப் பிரித்துக்கொண்டு பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்தார்கள். தனி ஆளாகச் செய்திருந்தால் ஒருவரால் இருபதுகூட முடியாது என்றார் அவர். இதில் எண் மட்டும் நம் மனத்தில் நிற்கிறது, அவர் சொன்ன காரணங்கள் நிற்பதில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கை பழகுகிறது. ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும் நேரம் மிஞ்சுகிறது. வேலை சின்னதாகும்போது அதற்கென ஒரு கருவியைக் கண்டுபிடிப்பது எளிதாகிறது. நீங்கள் செய்யும் பிரிவினையால் இந்த மூன்றில் ஒன்றாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் ஆட்களை வரிசையாக உட்காரவைத்ததுதான் மிச்சம்.

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு, வேலையைப் பெயர் பார்த்துப் பிரிப்பது. நேரம் பார்த்துப் பிரிக்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் கசிவது இங்கேதான்.

கணக்குக்காக ஓர் அப்பரில் ஐந்து வேலைகள் என்று வைத்துக்கொள்வோம். தோலை வெட்ட 40 விநாடி, ஓரத்தை மெலிதாகச் சீவ 30, பசை தடவி மடிக்க 90, தைக்க 60, நூல் முனைகளை நறுக்கித் துடைக்க 30. ஐந்து வேலை, ஐந்து ஆள், ஆளுக்கு ஒன்று. பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் மடிப்பில் 90 விநாடிக்கு ஒன்றுதான் முடியும் என்பதால் கடைசி மேசையிலிருந்து மணிக்கு 40 அப்பர்தான் வெளியே வரும். வெட்டுபவர் எத்தனை வேகமாக வெட்டினாலும் அது 41 ஆகாது. மடிப்பு மேசைக் குவியல்தான் உயரும்.

இதே ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு முழு அப்பரைத் தாமே செய்தால் என்ன ஆகும்? மொத்த வேலை 250 விநாடி. வேலை மாறி மாறிச் செய்யும்போது கை பழகாது, எழுந்து போக வேண்டும், கருவி மாற்ற வேண்டும். அதனால் 400 விநாடி ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆளுக்கு மணிக்கு 9, ஐவருக்கும் சேர்த்து 45. அதாவது, தவறாகப் பிரித்த லைனைவிட, பிரிக்காமலே விட்டிருந்தால் ஐந்து அப்பர் கூடுதலாகக் கிடைத்திருக்கும்! இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டும்போது பலர் நம்ப மறுத்து மறுபடி போட்டுப் பார்ப்பார்கள்.

சரிசெய்ய ஆறாவது ஆள் தேவையில்லை. சீவலையும் துடைப்பையும் ஒருவரிடம் கொடுங்கள்: 30 கூட்டல் 30, அறுபது விநாடி. அதனால் மிஞ்சிய ஒருவரை மடிப்புக்கு அனுப்புங்கள்: இருவர் மடித்தால் 45 விநாடிக்கு ஒன்று முடியும். இப்போது எந்த மேசையிலும் 60 விநாடிக்கு மேல் தங்காது. அதே ஐந்து பேர், மணிக்கு 60 அப்பர். சீவும் மெஷின் வரிசையின் தொடக்கத்திலும் துடைக்கும் மேசை கடைசியிலும் இருந்தால் அந்த ஒருவர் நடந்தே ஓய்ந்துவிடுவார். ஆகவே மேசைகளை நீள வரிசையாகப் போடாமல், லாட வடிவில் வளைத்துப் போட்டு இரண்டு முனைகளையும் அருகருகே கொண்டுவாருங்கள். நேரத்தை அளக்கும்போது ஒரே ஒரு துண்டை வைத்து அளக்க வேண்டாம். பத்துத் துண்டுகளையாவது அளந்து சராசரி எடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

அடுத்தது, ஆர்டரின் அளவைப் பார்க்காமல் பெரிய கம்பெனியின் லைனை அப்படியே பார்த்துச் செய்வது. ஒரே ஸ்டைலில் ஆயிரக்கணக்கான ஜோடி ஓடுகிற இடத்தில் கயிறு கோர்க்கும் கண்ணியைப் பொருத்துவதற்கென்றே ஓர் ஆள் இருக்கலாம். 150 ஜோடி ஆர்டருக்கு அப்படி ஆள் வைத்தால் கை பழகுவதற்குள் ஸ்டைல் மாறிவிடும். சந்தையின் பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் வேலையைப் பிரிக்க முடியும் என்பதும் ஸ்மித் சொன்னதுதான். மலையடிவாரக் கிராமத்தில் ஒரே கடையில் அரிசியும் ஆணியும் மண்ணெண்ணெய் விளக்கும் கிடைக்கும். வேலூர் லாங் பஜாருக்கு வந்தால் ஒவ்வொரு சரக்குக்கும் தனிக் கடை. கிராமத்துக் கடைக்காரருக்கு விவரம் போதாது என்று யாரும் சொல்வதில்லை; அங்கே ஆணி மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது. சிறு ஆர்டர் எடுப்பவர்கள் இரண்டு மூன்று வேலைகளை ஒரே கையில் வைத்திருப்பதே சரி.

பிரித்த வேலையை யார் கோர்ப்பது என்று யோசிக்காமல் விடுவது இன்னொரு தவறு. தோல் துணியைப் போன்றதல்ல. முதுகெலும்புப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும். ஷூவின் முன்பகுதியை முதுகுப் பக்கத்திலிருந்து, விரல் முனையிலிருந்து குதிகால் நோக்கி இறுக்கமாக நிற்கும்படி வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கத் தோலை, கயிற்றுக்குக் கீழே வரும் நாக்குக்கும் வெளியே தெரியாத இடங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். இடது கால், வலது கால் இரண்டும் நிறத்திலும் மேல்வரியிலும் ஒத்துப்போக வேண்டும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் வெட்டு மேசைக்குத் தோல் மிச்சப்படுத்தினால் ஊக்கத்தொகை வைத்தார்கள். மிச்சம் உண்மையிலேயே ஏறியது. மூன்று வாரம் கழித்து, லாஸ்டிங்கில், அதாவது அப்பரைக் கால் வடிவக் கட்டை மேல் இழுக்கும்போது, முன்பகுதி கோணிக்கொண்டது, சில கிழிந்தன. வெட்டிய தம்பியைக் கேட்டேன். "என் மேசையில் எல்லாம் அளவாகத்தான் இருந்தது, அண்ணா" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. கட்டையில் இழுக்கிற வேலையை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. காட்ட வேண்டிய நான் காட்டியதும் இல்லை.

அதன்பிறகு, வெட்டுக்கு வரும் எவரையும் முதல் வாரம் லாஸ்டிங் பக்கத்தில் நிற்கவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இன்னொன்றும் செய்தேன். மேசைக்கு மேசை ஐம்பது ஐம்பதாகத் தட்டில் நகர்த்துவதை விட்டு, பத்துப் பத்தாக நகர்த்தச் சொன்னேன். தவறு நடந்தால் பத்தோடு தெரிந்துவிடும்.

இந்தப் பகுதியில் இருந்துகொண்டு வேலைப் பிரிவினையைப் பற்றி எழுதிவிட்டு இன்னொரு குழப்பத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தோல் பதனிடும் டேனரியில் பச்சைத் தோலை ஊறவைப்பது, சுண்ணாம்புக் குழியில் இறங்குவது, சதை நீக்குவது போன்ற ஈர வேலைகளை யார் செய்கிறார்கள், மெருகேற்றிய தோலை யார் விற்கிறார்கள் என்று பாருங்கள். "அவரவருக்குப் பழகிய வேலை, அதுதானே தொழில் தேர்ச்சி" என்று படித்தவர்களும் பேசுகிறார்கள். இல்லை. சாதி வேலையை மட்டும் பிரிப்பதல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குவது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதினார். பயிற்சியால் வரும் தேர்ச்சி விருப்பத்தோடும் திறமையோடும் சேர்ந்தது. அடுத்த வேலைக்குப் போகும் கதவு அதில் திறந்திருக்கும். பிறப்பால் ஒதுக்கிய வேலையில் அந்தக் கதவு இல்லை. 1989இல் பழைய வட ஆற்காடு பிரிந்தபோது நம் பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றே பெயர் வைத்தார்கள். அவர் காட்டிய வேறுபாட்டை நாமாவது மறக்கக் கூடாது.

ஊர்களுக்கு இடையிலான பிரிவினையிலும் இதே போன்ற கணக்குப் பிழை உண்டு. நமக்குத் தோல், வேறிடத்துக்கு வேறு தொழில் என்று ஏற்றுக்கொண்டபோது வருமானத்தை எழுதினோம், டேனரிக் கழிவால் கெட்ட பாலாற்றை எழுதவில்லை. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகுதான் அந்தச் செலவும் தொழிலின் செலவு என்று ஆனது. அதற்குள் கிணறுகள் கெட்டுப்போயிருந்தன.

கடைசியாக, ஒருவரை ஒரே வேலையில் ஆயுளுக்கும் உட்காரவைப்பது. என் அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றினார். இரவில் இலையை நனைத்து வைப்பார், காலையில் கத்தரியால் அளவுக்கு வெட்டுவார், தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டுவார். பள்ளி விட்டு வந்ததும் முனை மடக்குவது என் வேலை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு என்பதால் என் கையும் சேர்ந்தால் ஆயிரம் சீக்கிரம் நிறையும். அதுவும் வேலைப் பிரிவினைதான், உற்பத்தியும் கூடியதுதான். அம்மாவின் கழுத்து வலியும் என் வீட்டுப்பாடமும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. சில எளிய செயல்களிலேயே வாழ்நாளைக் கழிப்பவரின் அறிவு மழுங்கிப்போகும் என்று, குண்டூசியைப் புகழ்ந்த அதே ஸ்மித் அதே நூலின் பிற்பகுதியில் எச்சரித்திருக்கிறார். வேலையைப் பிரித்தால் எளிய பகுதிகளுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதை 1832இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் வெளிப்படையாகவே எடுத்துக்காட்டினார். மடிப்பு மேசைப் பெண்கள் பத்தாண்டு ஆனாலும் அதே கூலிப் படியில் நிற்பதற்கு அந்தக் கணக்குதான் காரணம்.

முதலாளிக்கும் இதில் நட்டம் உண்டு. தைப்பவர் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்ற நால்வரும் சும்மா உட்கார வேண்டும். நான் போகும் கூடங்களில் சுவரில் ஒரு தாள் ஒட்டச் சொல்கிறேன். இடது பக்கம் பெயர்கள், மேலே வேலைகள். தெரிந்த வேலைக்கு முழு வட்டம், கற்றுக்கொண்டிருக்கும் வேலைக்கு அரை வட்டம். ஒவ்வொரு வேலையின் கீழும் குறைந்தது இரண்டு முழு வட்டங்களாவது இருக்க வேண்டும். வாரத்தில் அரை நாள், ஆர்டர் நெருக்கம் இல்லாத நாளாகப் பார்த்து, ஒருவர் பக்கத்து மேசை வேலையைப் பழக வேண்டும். அந்த அரை நாளுக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும், அவர் பெயருக்கு நேரே இரண்டாவது வட்டம் நிறைந்ததும் கூலியை உயர்த்த வேண்டும். உயர்த்தாத கூடங்களில் அரை வட்டங்கள் அரையாகவே நின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். உயர்த்திய ஒரு கூடத்தில், எட்டு ஆண்டுகள் மடிப்பில் இருந்த ஓர் அம்மா இப்போது தையல் மெஷினில் உட்காருகிறார். தைப்பவர் வராத நாட்களில் லைன் நிற்பதில்லை.