எல் நீனோவையும் மழையையும் இணைத்துப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைத் தரவுகளோடு புதிதாகப் பழகத் தொடங்கியிருக்கும் சிலரின் வரைவறிக்கைகளைச் சென்ற மாதம் திருத்த நேர்ந்தது. செ.மீ.யையும் மி.மீ.யையும் குழப்புவது, பதிவு விடுபட்ட நாளை மழையற்ற நாளாகக் கொள்வது போன்றவற்றை எவரும் ஓரிரு முறை பட்டுத் திருந்திவிடுவார்கள். அவற்றை இங்கே பேசப் போவதில்லை. என்னை நிறுத்தியவை, நானே ஒரு காலத்தில் செய்து, வேறொருவர் பெயரில் இப்போது திரும்பி வந்த தவறுகள்.

நாட்டின் கணக்கை நம் ஊருக்குப் பொருத்துவது

“இது எல் நீனோ ஆண்டு, ஆகவே மழை குறையும்” என்ற வரி கண்ணில் படும்போது இன்றும் எனக்கு எரிச்சல் மூள்கிறது, 2015-இல் அதைச் சொன்னவன் நான். அந்த ஆண்டு பசிபிக் பெருங்கடலில் வலுவான எல் நீனோ, அதாவது அதன் நடு, கிழக்குப் பகுதிகளின் மேற்பரப்பு நீர் வழக்கத்தைவிட வெப்பமாகும் நிலை, உருவாகியிருந்தது. தென்மேற்குப் பருவமழை நாடு முழுமைக்கும் சராசரியைவிட 14 விழுக்காடு குறைந்தது. அந்த ஓர் எண்ணை நம்பி, கடலூர் மாவட்டத்து உழவர்கள் சிலரிடம், சம்பா நடவைக் குறைத்து உளுந்து விதைக்கச் சொன்னேன். நவம்பரில் கொட்டிய மழையில் நெல்லாவது சில நாள் தாக்குப்பிடித்தது. தேங்கிய நீரில் உளுந்து வேரழுகிப் போயிற்று. டிசம்பர் தொடக்கத்தில் சென்னையே மூழ்கியது. “தண்ணியே வராதுன்னீங்களே, தம்பி” என்று அவர்களுள் மூத்தவர் ஒருவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. எல் நீனோவின்போது வெப்ப நீர் பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் பரவுவதால், மேலெழும் காற்றும் அங்கே நகர்ந்து, இந்தோனேசியாவின் மீது காற்று கீழிறங்கத் தொடங்குகிறது. ஜூன்–செப்டம்பரில் இந்த மாற்றம் தென்மேற்குப் பருவக்காற்றைத் தளர்த்துகிறது. ஐப்பசி, கார்த்திகையிலோ, அவ்வாறு இறங்கிய காற்று நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தியப் பெருங்கடலின் மீது மேற்கு நோக்கி வீசி, ஈரத்தைத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் அருகே குவிக்க முற்படுகிறது. ஒரே ஆண்டில் ஒரே காரணம் முதல் பருவத்தில் மழையைக் குறைத்து, அடுத்த பருவத்தில் கூட்டக்கூடும். இரு பருவங்களையும் கூட்டி ஆண்டு மொத்தமாக்கி, எல் நீனோவும் மழையும் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டால், ஒன்றின் விளைவை மற்றொன்று விழுங்கிவிடுகிறது. அப்படிக் கிடைத்த மிகச் சிறிய எண்ணைக் காட்டி, எல் நீனோவுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று ஒருவர் முடிவுரையே எழுதியிருந்தார். தென்மேற்குப் பருவத்தில் நனையும் நீலகிரியின் மேற்குச் சரிவையும் ஐப்பசி மழையை நம்பியிருக்கும் நாகப்பட்டினத்தையும் சேர்த்துச் சராசரி எடுப்பதும் இதே பிழையின் சிறிய வடிவமே.

போக்கை விதியாக்குவது

மேலே சொன்னதைப் படித்தவுடன், எல் நீனோ வந்தால் தமிழ்நாட்டில் வெள்ளம், அதன் எதிர்நிலையாக அதே நீர் வழக்கத்தைவிடக் குளிரும் லா நீனா வந்தால் வறட்சி என்று எழுதிவிட வேண்டாம். 2016-இல் லா நீனாச் சூழலில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது உண்மைதான். ஆனால் 2010, 2021 ஆகிய லா நீனா ஆண்டுகளில் இயல்பைவிட மிகுதியாகவே பெய்தது. எல் நீனோ வாய்ப்பின் எடையைச் சற்றே ஒரு பக்கம் சாய்க்கிறது, அவ்வளவே.

பசிபிக்கை மட்டும் பார்ப்பது

1997-இல் மிக வலுவான எல் நீனோ இருந்தும் நாட்டின் தென்மேற்குப் பருவமழை சராசரியில் 102 விழுக்காடாக இருந்தது. இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது இது: அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிட வெப்பமாகவும், சுமத்ராவை ஒட்டிய பகுதி குளிர்ந்தும் இருந்தது; இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று இப்போது நாம் சொல்வதன் நேர்மறை நிலை அது. இந்த இருமுனைக்கு ஒரு பத்தி இல்லாத அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஆனால் எல் நீனோ ஆண்டுகளை இருமுனையின் நிலைக்கேற்ப மீண்டும் பிரித்தால், ஒவ்வொரு பிரிவிலும் எஞ்சுவது சில ஆண்டுகள்தாம் என்பதையும் அதே பத்தியில் எழுதிவிட வேண்டும்.

பருவத்தின் மொத்தத்தில் நாளின் மழையைத் தேடுவது

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. மாநிலத்தின் பருவ மொத்தமோ இயல்பை ஒட்டியே இருந்தது. வெப்பமண்டலத்தில் மேகமும் மழையும் திரண்டு வாரக்கணக்கில் கிழக்கு நோக்கி நகரும் மேடன்–ஜூலியன் அலைவும், வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை எங்கே எத்தனை நாள் நிலைகொள்கிறது என்பதும் முடிவு செய்யும் மழையை, பல மாதம் நீடிக்கும் பசிபிக் குறியீட்டில் தேடினால் கிடைக்காது.

0.5 பாகையைச் சுவிட்சாகக் கருதுவது

பசிபிக்கின் நடுப்பகுதி நீர் சராசரியைவிட 0.5 பாகை செல்சியஸ் வெப்பமானால் எல் நீனோ என்பது கணக்குக்காக நாம் வைத்த வரம்பு. 0.4 இருந்தால் ஒன்றுமில்லை, 0.6 வந்தால் எல் நீனோ என்று வானம் நினைப்பதில்லை.

பங்குனியிலேயே ஐப்பசியைச் சொல்வது

மார்ச், ஏப்ரலில் வெளியாகும் எல் நீனோ முன்கணிப்புகள்தாம் ஆண்டிலேயே வலுக்குறைந்தவை; ஜூன் வரை பொறுங்கள்.