சார்காய்டோசிஸ் இருக்கிறவங்க கால்சியம் விஷயத்துல பண்ற தப்புங்க

எங்க பெரியப்பாவுக்கு சார்காய்டோசிஸ், அதாவது நுரையீரல், நெறிகட்டி மாதிரி எடங்கள்ல கிரானுலோமாங்கிற சின்னச் சின்ன வீக்கக் கட்டிங்க வர்ற நோய். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு, நாள் பூரா வெயில்ல நிக்கிறவரு. ஒடம்பு அசதி, கை கால் வலின்னு போனப்போ வைட்டமின் டி கம்மின்னு ரிப்போர்ட் வந்துச்சு, உடனே வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், தினம் ஒரு கால்சியம் மாத்திரைன்னு ஆரம்பிச்சாச்சு. ரெண்டே மாசத்துல சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறாரு, ராத்திரி அஞ்சு தடவ ஒண்ணுக்கு எந்திரிக்கிறாரு, நாலு நாளா வெளிக்குப் போகல, நாங்க சுகர்னு நெனச்சு டெஸ்ட் எடுத்தா சுகர் நார்மல். கடைசில ரத்தத்துல கால்சியம் 13க்கு மேல, 10.5 தாண்டினாலே அதிகம், கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினினும் ஏறிக் கெடந்துச்சு.

இங்க தான் முக்கியமான தப்பு. வைட்டமின் டிய வேல செய்ற ரூபத்துக்கு மாத்துறது சாதாரணமா கிட்னி, அதுவும் ஒரு கட்டுப்பாட்டோட. இந்த நோய்ல நுரையீரல்லயும் நெறிகட்டிலயும் இருக்கிற கிரானுலோமாவே கட்டுப்பாடு இல்லாம மாத்திக்கிட்டே இருக்கு, குடலும் சாப்பாட்டுல இருக்கிற கால்சியத்த அள்ளி இழுக்குது. வழக்கமா எடுக்கிற 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி டெஸ்ட்ல கம்மின்னு காட்டினாலும், அந்த வேல செய்ற ரூபமான 1,25 டைஹைட்ராக்ஸி எகிறி இருக்கலாம். அதனால பாக்கெட்ட பிரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டையும், கூடவே ரத்த கால்சியத்தையும் பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

ஸ்டீராய்டு எடுக்கிறப்போ எலும்பு தேயும்னு கால்சியம் மாத்திரையும் எழுதுவாங்க, மத்த நோய்க்கு சரி, இதுல கால்சியம் பாத்துட்டு தான் குடுக்கணும். நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்கள்ல புளோரைடு தண்ணி வேற, மூட்டு வலின்னாலே மெடிக்கல்ல போய் எலும்பு மாத்திரைன்னு கேட்டு வாங்குற பழக்கம், அத தயவுசெஞ்சு விட்ருங்க. பிரஷருக்கு தயசைட் மாத்திரை ஓடுதான்னும் பாருங்க, அது கால்சியத்த ஒண்ணுக்குல போகவிடாம தேக்கும்.

ராத்திரி எந்திரிக்கணுமேன்னு தண்ணியக் கொறைக்கிறதும் தப்பு, டாக்டர் அளவு கட்டலேன்னா நல்லா குடிங்க, இல்லேன்னா கல்லு கட்டும், கிட்னி கெடும். ராகில 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் கால்சியம் இருக்கு, ஏறியிருக்கிற சமயத்துல மட்டும் தினசரி களிய நிறுத்தி வைக்கலாமான்னு கேட்டுக்கோங்க. ஸ்டீராய்டு ஆரம்பிச்சா பொதுவா சில நாள்லயே கால்சியம் எறங்கும், தேவலன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.

பெரியப்பாவுக்கு இப்ப 9.8. வெயில் பட்டாலும் தோல்ல வைட்டமின் டி உண்டாகும்ங்கிறதால தோப்புக்கு காலைல ஏழு மணிக்குள்ள போய்ட்டு வந்துர்றாரு, தலையில துண்டு, முழுக்கை சட்டை.