உயிருள்ள கலத்துள் புன்னங்கங்களின் அசைவை அவதானிக்கும் முறை

நுவரெலியாவிலோ ஹற்றனிலோ குளிர்ந்த காலையில் நுணுக்குக்காட்டி வழுக்கியொன்றைத் தயாரிக்கும் உயர்தர மாணவருக்குக் கலத்துள் எதுவும் அசையாததுபோல் தோன்றினால், கலம் இறந்துவிட்டதென உடனே முடிவுசெய்யக்கூடாது. குழியவுரு ஓட்டம், அதாவது கலத்துள் நிறைந்த குழியவுருவும் அதிலுள்ள நுண்ணுறுப்புகளான புன்னங்கங்களும் நகர்வது, வெப்பநிலை குறையக் குறையத் தளர்வடையும். ஆகையால், பயன்படுத்தும் நீரை இளஞ்சூடான பாத்திரத்தில் வைத்து ஏறத்தாழ 25 பாகை செல்சியசுக்குக் கொண்டுவந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

பம்பாய் வெங்காயச் செதிலின் உட்புறத்திலிருந்து மெல்லிய மேற்றோலை உரித்து, மடிப்பில்லாமல் ஒரு துளி நீரில் விரித்து, மூடித்துண்டால் மூடவும். வழக்கமான செய்முறையில் சேர்க்கும் அயடீனை இங்கே சேர்க்கவே கூடாது. அது கலத்தைக் கொன்றுவிடும். உரிக்கும்போது ஏற்படும் காயத்தால் ஓட்டம் தற்காலிகமாக நின்றுபோகலாம் என்பதால், பதினைந்து நிமிடம் வரை பொறுத்திருப்பது நல்லது. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் ஐதரில்லாவின் இளம் இலையை உரிக்காமலே பார்க்கலாம். அதைச் சற்று நேரம் வெளிச்சத்தில் வைத்தால், பச்சையவுருமணிகள் கலச்சுவரோரமாகச் சுற்றிவரக் காணலாம். 1774 இல் இத்தாலியரான பொனவெந்தூரா கோர்த்தி இவ்வோட்டத்தை விவரித்தபோது அவரிடமிருந்தது எளிய கருவிதான். பாடசாலை நுணுக்குக்காட்டி தாராளமாகப் போதும்.

40 மடங்குப் பொருள்வில்லைக்கு மாறி, ஒளி புகும் துவாரத்தைச் சுருக்கினால், வெங்காயக் கலத்தின் சாறு நிறைந்த புன்வெற்றிடத்தை ஊடறுக்கும் குழியவுரு இழைகளில் நுண்மணிகள் நகர்வது தெரியும். அவை அனைத்தையும் இழைமணிகள் (கலத்துக்குச் சக்தி வழங்கும் புன்னங்கங்கள்) என்று குறித்துவிட வேண்டாம். சாயமிடாத தயாரிப்பில் அவ்வளவு உறுதியாகப் பிரித்தறிய முடியாது. நின்ற இடத்திலேயே நடுங்கும் மணி, சுற்றியுள்ள மூலக்கூறுகள் மோதுவதால் உண்டாகும் பிரவுணியன் அசைவையே காட்டுகிறது. அக்தின் என்னும் புரத இழைமீது மயோசின் புரதம் கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி.யைச் செலவிட்டு இழுத்துச்செல்லும் புன்னங்கமோ, இடையிடையே நின்றாலும், ஒரே பாதையில் நெடுந்தூரம் செல்லும். ஐயமிருந்தால், கொதிநீரில் அமிழ்த்திக் கொன்ற மேற்றோலை அருகருகே வைத்து ஒப்பிடவும்.

வேகத்தை அளக்க, 4 மடங்குப் பொருள்வில்லையின் கீழ் ஒளிபுகும் அளவுகோலை வைத்துப் பார்வைப்புலத்தின் விட்டத்தைக் காணவும். அது 4.5 மில்லிமீற்றர் எனில், 40 மடங்கில் பத்திலொன்றாக, அதாவது 450 மைக்ரோமீற்றராக இருக்கும். கைப்பேசியில் எடுத்த காணொளியில் ஒரு நுண்மணி 50 மைக்ரோமீற்றரை 10 செக்கனில் கடந்தால், வேகம் செக்கனுக்கு 5 மைக்ரோமீற்றர். வெப்பநிலையைக் குறிக்காத அளவீட்டை வேறெதனோடும் ஒப்பிட இயலாது. சராசரியுடன் மிகக்கூடிய வேகத்தையும் தனியே எழுதவும். ஏனெனில் குவியத் தளத்துக்குச் சாய்வாகச் செல்லும் மணி, உண்மையில் விரைந்தாலும், மெதுவாகச் செல்வதாகவே பதிவாகும்.