35ஐத் தாண்டிக் குழந்தைக்கு முயல்பவர்கள் நாட்களைச் சரியாக எண்ணுங்கள்

பலர் தவறவிடுவது நாட்களைத்தான். கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாட்களுக்கு முன். மாதவிடாய் தொடங்கிய நாளை 1 என்று எண்ணினால், 28 நாள் சுற்றுக்கு 14ஆம் நாள், 32 நாளென்றால் 18ஆம் நாள். முட்டை ஒரு நாள்தான் தாங்கும். விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும். ஆகவே முட்டை வரும் நாளுக்காகக் காத்திருக்காமல், அதற்கு 5 நாள் முன்பிருந்தே ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேருங்கள். வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக இழுபட்டால் அதுவே நல்ல நேரம். உடல் வெப்பநிலை ஏறுவதை மட்டும் நம்பவேண்டாம், முட்டை வெளிவந்த பிறகுதான் அது ஏறும்.

போலிக் அமிலம் என்ற விட்டமின் மாத்திரை தினம் 400 மைக்ரோகிராம், இன்றே தொடங்குங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் அளவு கூடும், வைத்தியர்தான் சொல்லவேண்டும். திருகோணமலையில் மீனுக்குக் குறைவில்லை. சூடை, சாளை நல்லது, பாதரசம் சேரும் சுறாவைத் தவிருங்கள்.

கணவருக்கும் இதில் பாதிப் பங்கு. விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதமாகும். புகை, மது, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் நிறுத்தினாலும் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்கவேண்டும்.

எந்த உணவும் முட்டையின் வயதைக் குறைக்காது. 35க்கு மேல் 6 மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால் இருவருமாக வைத்தியரிடம் போங்கள். 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம்.