மொட்டை மாடிக் கச்சேரி: கீழ்வீட்டில் தொடங்குங்கள்

சென்னையில் சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டுப் போட்டு வாசிக்கும் சிறு பேண்டுகளுக்குப் பஞ்சமில்லை. வாசிக்க இடத்துக்குத்தான் பஞ்சம். ஓட்டல்காரர் சினிமாப் பாட்டு கேட்பார். சபாக்காரர் நம் பக்கம் திரும்பவே மாட்டார். மிச்சம் இருப்பது மொட்டை மாடி. மூன்று குழுக்கள், நாற்பது ஐம்பது பேர், ஒரு மாலை. முதல் முறை நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

பேண்டுகளிடம் பேசுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். நாள், நேரம், எத்தனை பேர் வருவார்கள் என்பதை நேரில் போய்ச் சொல்லி, அவர்களையும் மேலே அழையுங்கள். சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழாவில் கர்நாடக இசையும் பறையாட்டமும் இடம்பெற்றன. குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்திய விழா அது. நம் மாடிக்கும் அதுதான் வழி.

தேதிக்கு என் பரிந்துரை ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பிப்ரவரி வந்தால் எல்லா வீட்டிலும் பொதுத்தேர்வுக் காய்ச்சல்.

2. சத்தத்துக்கு அனுமதி

ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூல அனுமதி வேண்டும். வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தோடு காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். இருவர் பேசிக்கொள்ளும் சத்தம்தான். டிரம்ஸ் செட் ஒன்றே பக்கத்தில் நின்றால் 100-ஐத் தாண்டும். ஆகவே டிரம்ஸ் வேண்டாம். மேலே உட்கார்ந்து தட்டும் கஹோன் பெட்டி போதும். டிரம்ஸ்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காத சொந்தப் பாட்டுகளை மட்டும் வாசித்தால், பதிப்புரிமைக்கென்று தனி உரிமம் தேடி அலைய வேண்டாம்.

3. வரிசையும் நேரமும்

குழுவுக்கு 25 நிமிடம், இடையில் மாற்றிக்கொள்ள 15 நிமிடம். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டேகாலுக்கு முடியும். நம் ஊர்த் தாமதத்தையும் சேர்த்தால் ஒன்பது. பேஸ் கிடாருக்கு ஒரே ஆம்பை (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும்.

ஒலிச் சோதனையைத் தலைகீழாகச் செய்யுங்கள்: கடைசியில் வாசிக்கும் குழு முதலில், முதலில் வாசிக்கும் குழு கடைசியில். அப்போதுதான் தொடக்கக் குழுவின் மைக்குகள் வைத்த இடத்திலேயே இருக்கும்.

4. மின்சாரம்

என் முதல் கச்சேரி கவிழ்ந்தது இங்கேதான். இரண்டாவது குழு பாடிக்கொண்டிருந்தபோது, யாரோ டீ போட மின்கெட்டிலை எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே செருகிவிட்டார்கள். சட்டென்று இருட்டு. பாடகர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே இருந்தார்.

கணக்கு எளிது. 15 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 3,450 வாட் தாங்கும். 6 ஆம்பியர் பிளக் 1,380 வாட்தான். இரண்டு ஸ்பீக்கர், மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சர், இரண்டு சிறு ஆம்ப் ஆகியவற்றுக்கு இந்தச் சிறிய பிளக்கே பெரும்பாலும் போதும். கெட்டில் ஒன்று மட்டுமே 1,500 வாட் கேட்கும். டீயை ஃபிளாஸ்க்கில் கொண்டுவாருங்கள்.

இசைக்கருவிகள் அனைத்துக்கும் எர்த் சரியாக உள்ள ஒரே பிளக்கிலிருந்து மின்சாரம் எடுங்கள். கிடார் ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்தால் இரைச்சல் வரலாம். எர்த்தில் கோளாறு இருந்தால், கிடார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். இரைச்சலை நிறுத்த எர்த் முள்ளைக் கழற்றும் புத்திசாலிகளை மாடிப்படியிலேயே நிறுத்திவிடுங்கள். முன்கூட்டியே எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்து வையுங்கள். பின்னால் வைத்தால் வீல் என்று கத்தும். அதன் முகம் அடுத்த வீட்டு ஜன்னலை நோக்காமல் தெருப் பக்கம் இருக்கட்டும்.

5. ஆட்களும் காசும்

பாய், குடிநீர், கழிப்பறைக்கு ஒரு வீடு. கைப்பிடிச் சுவரில் யாரும் ஏறி உட்காராமல் பார்த்துக்கொள்ள ஒருவர்.

டிக்கெட் வேண்டாம், உண்டியல் போதும். கடைசிக் குழு தொடங்கும் முன் அதைச் சுற்றில் விடுங்கள். முடிந்தபின் விட்டால் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒலிக்கருவி வாடகையைக் கழித்து, எல்லோர் முன்னிலையிலும் எண்ணி, சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய பேண்டுக்குக் கூடுதல் பங்கு என்ற பேச்சே எழக்கூடாது.

6. அன்றிரவே

டார்ச் அடித்து மாடியைப் பெருக்குங்கள். டீக் குவளைகள் கண்ணில் படும். கிடாரின் அறுந்த கம்பித் துண்டுகள் படாது. விடிந்ததும் கீழ்வீட்டு அம்மா வெறுங்காலோடு வற்றல் காயப்போட வருவது அந்த இடத்துக்குத்தான்.